மனைமண்ணும் மறைந்த காசும்

கல்லில் எழுதுவித்தவன் வேந்தன். செம்பில் பொறிப்பித்தவன் செல்வன். கல்லும் செம்பும் வாய்க்காத எளியவன் தன் வரலாற்றை மண்ணிலேயே விட்டுச் சென்றான். அவன் கைதவறி விழுந்த காசும், அவன் மனைவி அடுக்களையில் உடைத்த கலமும், அவன் குழந்தை தொலைத்த கொலுசுத் திருகும் இன்றும் பழைய மனைகளின் மண்ணுக்குள் உறங்குகின்றன. கோயிற் கல்வெட்டைப் படியெடுக்க அறிஞர் வருவர்; மனைமண்ணைப் படிக்க எவரும் வருவதில்லை. ஜீவனஹள்ளியிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் பழைய ஓட்டு வீடுகள் நாள்தோறும் இடிக்கப்பட்டு, அடுக்கு மாடிகள் எழுந்துவரும் இக்காலத்தில், அம்மண்ணைப் பற்றிச் சிறிது சிந்திப்பது நம் கடமையெனக் கருதுகிறோம்.

இவ்வெண்ணத்தைத் தூண்டியது அண்மைக் காலத்தில் பரவிவரும் ஒரு பழக்கமாகும். உலோகங் காட்டும் கருவியைக் கையிலேந்திப் பழைய வீடுகளின் முற்றத்திலும் கொல்லையிலும் பழங்காசு தேடுதல் மேலை நாடுகளில் ஓய்வுநேரப் பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. நம் இளைஞரையும் அவ்வார்வம் மெல்லத் தொட்டுள்ளது. ஆர்வம் நன்று; அதன் நெறி யாது என்பதே வினா.

பெங்களூர் மண் தந்த சான்றுகள்

பெங்களூர் கெம்பே கௌடர் 1537ஆம் ஆண்டளவில் கோட்டை கட்டிய பின்னர்த் தோன்றிய ஊர் என்பது பலரின் நினைப்பு. மண் வேறு கதை சொல்கிறது. 1891ஆம் ஆண்டில் யஷ்வந்தபுரத்தில் இருப்புப்பாதைப் பணியின்போது உரோமப் பேரரசின் வெள்ளிக் காசுகள் 163 வெளிப்பட்டன. அகஸ்டஸ், திபேரியஸ், கிளாடியஸ் முதலிய பேரரசர்தம் உருவங்கள் அவற்றில் இருந்தன. 1965ஆம் ஆண்டில் நகரின் கிழக்கே இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைப் பகுதியில் மேலும் 256 உரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கிறித்து பிறந்த காலத்தையொட்டிய வணிகர் இம்மேட்டு நிலத்தைக் கடந்து சென்றனர் என்பதற்கு இவையே சான்று. எந்த நூலும் கூறாத செய்தியை இரண்டு காசுக் குவியல்கள் கூறிவிட்டன.

காசு மட்டுமன்று, கல்லும் அவ்வாறே. பேகூர் நாகநாதேசுவரர் கோயிலில் உள்ள நடுகல்லொன்று ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்த பெங்களூர்ப் போரைக் குறிக்கிறது. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலிலும் மடிவாளச் சோமேசுவரர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. ஆகவே இம்மண்ணில் தமிழ் ஒலித்தது நேற்றோ முந்தாநாளோ அன்று. நமக்கு அண்மையிலுள்ள ஹெப்பாளத்தில் 2018ஆம் ஆண்டில் தெருப்பணிக்காக மண்ணைத் தோண்டியபோது, ஏறத்தாழக் கி.பி. 750ஆம் ஆண்டைச் சார்ந்த கித்தய்யன் என்னும் வீரனின் கன்னட நடுகல் வெளிப்பட்டது. கண்டவர் அதன் மதிப்பை உணராதிருந்திருப்பின், ஆயிரத்திருநூறு ஆண்டுப் பழமை குப்பை வண்டியில் ஏறிப் போயிருக்கும். மண்ணைத் தோண்டுவோன் அறிவுடையவனாயின் வரலாறு பிழைக்கும். அல்லனாயின் ஒரே பகலில் அழியும்.

தமிழகத்துக் குவியல்கள்

தமிழ்நாட்டின் நிலையும் இதுவே. கோவைக்கு அருகிலுள்ள வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட உரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பின்னரும் அவ்வூர் மண் மீண்டும் மீண்டும் காசுகளை ஈந்தது. புதுக்கோட்டைச் சீமையில் கறுக்காக்குறிச்சியில் 1898ஆம் ஆண்டில் 501 உரோமப் பொற்காசுகள் வெளிப்பட்டன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளியால் ஒரு வெட்டு இடப்பட்டிருந்தது. காசு மீண்டும் செலாவணியாகாதவாறு சிதைத்து, வெறும் பொன்னாகவே நிறுத்துக் கொண்டனர் போலும் என்பது அறிஞர் கருத்துகளுள் ஒன்று. யவனர் பொன் கொணர்ந்து மிளகு கொண்டு மீண்ட செய்தியை அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியுள்ளார் என்பதைக் கற்றோர் அறிவர். பாடல் கூறியதைப் பானைக்குள் இருந்த பொன் மெய்ப்பித்தது. நந்தர் தம் செல்வத்தைக் கங்கைநீரில் ஒளித்த கதையை மாமூலனார் அதே நூலில் குறித்திருப்பதும் ஈண்டு நினையத்தக்கது. செல்வத்தை மறைத்து வைப்பது அன்றே பேசப்பட்ட பொருளாயிற்று.

சங்க வேந்தர் காசு வெளியிட்டனரா என்னும் ஐயம் நெடுங்காலம் நிலவியது. கரூரில் அமராவதி ஆற்றுமணலைச் சலித்துப் பிழைக்கும் எளிய மக்களின் கையில் சிக்கிய சிறு காசுகளே அவ்வையத்தைப் போக்கப் பெரிதும் உதவின. பழைய தமிழ் எழுத்தில் ‘மாக்கோதை’, ‘கொல்லிப்புறை’ முதலிய சேரர் பெயர்கள் பொறித்த காசுகள் அறிஞர் பார்வைக்கு வந்தன. ‘பெருவழுதி’ என்னும் பாண்டியன் பெயர் தாங்கிய காசினை இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் வெளியிட்டபோது தமிழாய்வுலகம் வியந்தது. ஒரு விரல்நுனியில் அடங்கும் செம்புத்துண்டு ஓர் அரச மரபுக்கு உயிர் கொடுத்தது.

தண்டுப் பகுதியின் காசுகள்

இனி நம் பகுதிக்கு வருவோம். ‘ஹள்ளி’ என்னும் ஈறே ஜீவனஹள்ளி ஒரு சிற்றூராய் இருந்ததைக் காட்டும். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தம் படையை இங்கே மாற்றித் தண்டுப் பகுதியை நிறுவினர். படையைத் தொடர்ந்து தமிழ் மாவட்டங்களிலிருந்து சுமைகூலிகள், கொத்தர், தையற்காரர், சமையற்காரர், வண்ணார், வணிகர் எனப் பலரும் வந்து குடியேறினர். ‘தம்பிகள்’ என அன்புடன் அழைக்கப்படும் சென்னைப் பொறியாளர் படை 1834ஆம் ஆண்டில் அல்சூரில் நிலைகொண்டது. 1864ஆம் ஆண்டில் சோலையார்பேட்டையிலிருந்து தண்டுப் பகுதிக்குப் புகைவண்டி வந்தபின் வரவு மேலும் பெருகிற்று. இம்மக்களுள் கல்வெட்டு நாட்டியவர் எத்தனை பேர்? அவர்கள் விட்டுச் சென்ற ஆவணம் பெரும்பாலும் அவர்தம் மனைமண்ணே.

அம்மண்ணில் என்னென்ன கிடைக்கக்கூடும்? தண்டு தோன்றிய காலத்தில் சென்னை மாகாணத்தில் வராகனும் பணமும் காசும் வழங்கின. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஒரு வராகன் மூன்றரை உரூபாய். வெள்ளியில் வெளிவந்த கால் வராகனில் ஒருபுறம் கோபுரமும் விண்மீன்களும், மறுபுறம் திருமால் உருவமும் தமிழ், தெலுங்கு எழுத்துகளும் காணப்பட்டன. கும்பினியாரும் தமிழெழுத்தின்றி இங்கே வாணிகம் செய்ய இயலவில்லை என்பதற்கு இது நற்சான்று. மைசூர்ப் பக்கத்தில் திப்புவின் யானை பொறித்த செப்புக் காசும், மூன்றாம் கிருஷ்ணராச உடையாரின் ‘மயிலி காசு’ம் வழங்கின, மைசூர்ச் செப்புக் காசு 1843ஆம் ஆண்டோடு நின்றது. பின்னர் விக்டோரியா அரசியின் காலணா, 1877 முதல் அவரே பேரரசி எனப் பொறித்த காசு, 1943 முதல் 1947 வரை வெளிவந்த ஓட்டைக் காலணா எனத் தலைமுறைதோறும் காசு மாறிற்று. 1957 ஏப்பிரல் முதல் நாள் நயாபைசா வந்தது.

இவற்றுள் கும்பினியின் இருபது காசு பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரின் சோகோ அக்கசாலையில் அச்சிடப்பெற்ற இச்செப்புக் காசுகளைச் சென்னைக்கு ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்டனர்’ என்னும் கப்பல் 1809 சனவரியில், பயணம் தொடங்கிய நிலையிலேயே, புயலில் சிக்கிக் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. நம் தண்டுப் பகுதி பிறந்த ஆண்டும் அதுவே. 1984, 1985ஆம் ஆண்டுகளில் மூழ்கிகள் அதிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட காசுகளை வெளிக்கொணர்ந்தனர். அவை உலகச் சந்தையில் மலிவாகவே கிடைக்கின்றன. தேய்வில்லாத அழகிய காசுகள்தாம். ஆயினும் அவை ஒரு நாளும் செலவழியாதவை. எந்தக் கையின் வியர்வையும் படாதவை. அதே இருபது காசு ஜீவனஹள்ளிப் பழமனை ஒன்றின் அடித்தளத்தில் எழுத்துத் தேய்ந்து கிடைக்குமாயின், அது கொத்தனின் கூலியாகவோ கீரைக்காரியின் விற்றுமுதலாகவோ இருந்திருக்கும். ஓர் உரூபாய்க்கு நாற்பத்தெட்டு என்னும் கணக்கில் வழங்கிய அச்சிறு காசில் ஓர் ஏழையின் ஒருவேளை உணவு அடங்கியிருக்கலாம். சந்தையில் முன்னதற்கு விலை. வரலாற்றில் பின்னதற்கே மதிப்பு.

காசோடு பிறவும் உண்டு. படைவீரர் சட்டையின் பித்தளைப் பொத்தான், கோலி அடைத்த சோடாப் புட்டியின் கழுத்து, மங்களூரில் 1865ஆம் ஆண்டில் தொடங்கிய பேசல் மிசன் ஓட்டுத் தொழிற்சாலையின் முத்திரை தாங்கிய ஓடு ஆகிய ஒவ்வொன்றும் ஓர் ஆண்டுக் குறிப்பே.

கருவியின் கதை

உலோகங் காட்டும் கருவி பிறந்ததே ஓர் உயிரைக் காக்கும் முயற்சியில். 1881ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டார். உடலுள் தங்கிய குண்டு இருக்குமிடம் தெரியாமல் மருத்துவர் திகைத்தனர். தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல் மின்சுருள்களாலான கருவியொன்றைச் செய்து தேடினார். படுக்கையின் இரும்புக் கம்பிச்சுருள் கருவியைக் குழப்பிற்று. மருத்துவர் ஒரு பக்கத்தை மட்டுமே சோதிக்க இசைந்தனர். குண்டு கிடைக்கவில்லை, தலைவரும் பிழைக்கவில்லை. கருவி மட்டும் நிலைத்தது. 1930களில் செருகார்டு பிஷர் அதனைக் கையாளத்தக்க வடிவில் அமைத்தார். இரண்டாம் உலகப்போரில் போலந்து நாட்டுப் படைஞர் கொசாட்ஸ்கி கண்ணிவெடி காணும் கருவியை உருவாக்கினார். போர் முடிந்தபின் மிஞ்சிய கருவிகள் மக்கள் கைக்கு வந்தன.

அதன் இயக்கம் எளிது. சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது எழும் காந்தப்புலம் மண்ணுள் உள்ள உலோகத்தில் சிறு மின்சுழல்களை எழுப்பும். அவை எதிரொலிக்கும் புலத்தைக் கருவி ஓசையாக்கும். ஆனால் பொற்காசுக்கும் புட்டிமூடிக்கும் இடையே அது எப்போதும் வேறுபாடு அறிவதில்லை. இரும்புச்சத்து மிக்க செம்மண்ணோ அதனை மேலும் மயக்கும். மட்கலத்தையும் எலும்பையும் கரியையும் அது அறியவே அறியாது. எனவே கருவியை நம்பித் தோண்டுவோன் உலோகத்தை மட்டும் பறித்து ஏனையவற்றைக் கலைத்துவிடுகிறான்.

இங்கிலாந்தில் 1970களில் இப்பழக்கம் பெருகியபோது தொல்லியலார் கடுமையாக எதிர்த்தனர். அந்நிலையில் 1992ஆம் ஆண்டு நவம்பரில் ஆக்சன் என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது ஒரு நல்ல பாடம். எரிக் லாஸ் என்பவர் உழவர் ஒருவர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடிக் கருவியுடன் சென்றார். வெள்ளிக் கரண்டிகளும் பொற்காசுகளும் தென்பட்டன. சிறிது எடுத்தபின் மேலும் அகழாமல் நிறுத்தி, அதிகாரிகட்குச் செய்தி அனுப்பினார். தொல்லியலார் வந்து முறைப்படி அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 உரோமக் காசுகளும் அணிகலன்களும் கிடைத்தன. அனைத்தும் ஒரு மரப்பேழையுள் எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தன என்பதையும் அறிய முடிந்தது. மரம் மக்கிப் போயிருந்தும் அதன் வடிவை மண் காத்திருந்தது. வெகுமதி அவருக்கும் உழவருக்கும் பகிரப்பட்டது. தொலைந்த சுத்தியலும் அகப்பட்டது. அதுவும் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது! 1996ஆம் ஆண்டில் அந்நாடு புதையற் சட்டத்தைத் திருத்தியமைத்தது. கண்டெடுத்தவர் பெருமை அவர் தோண்டியதில் இல்லை. தோண்டாது நின்றதில் உள்ளது.

இடம் பிரிந்த காசு

தோண்டாது நிற்றல் ஏன் பெருமை? நடுவணரசு அலுவலகத்தில் எழுத்தராய் நாள் கழிக்கும் நமக்கு இதனை விளக்க ஓர் உவமை எளிதில் அமைகிறது. கோப்பிலிருந்து கிழித்தெடுத்த தாள் ஒன்று மேசைமேல் கிடக்கிறது. எழுத்து அழகியது, மையும் மங்கவில்லை. ஆனால் கோப்பு எண் இல்லை, நாள் இல்லை, முன்தாளும் பின்தாளும் இல்லை. அத்தாளை வைத்து எந்த முடிவும் எடுக்கவொண்ணாது. இடம் பிரிந்த காசும் அத்தகையதே.

சித்திரதுர்க்கத்தை அடுத்த சந்திரவள்ளியில் எம். எச். கிருஷ்ணா 1929ஆம் ஆண்டிலும், மார்ட்டிமர் வீலர் 1947ஆம் ஆண்டிலும் அகழ்ந்தனர். அங்கே கிடைத்த உரோமக் காசு ஒன்றின் மதிப்பு வெள்ளியின் எடையில் இல்லை. அது எந்த மண்ணடுக்கில், எந்த மட்கலத்தோடு, எந்தச் சாதவாகனர் காசின் அருகே கிடந்தது என்னும் குறிப்பில் உள்ளது. அக்குறிப்பால் மட்கலத்திற்குக் காலம் கிடைத்தது. அம்மட்கலம் கிடைக்கும் பிற ஊர்கட்கும் காலம் கிடைத்தது.

பழமனைக்கும் இந்நெறியே பொருந்தும். கலையாத தளத்தின் அடியில் 1862ஆம் ஆண்டுக் காலணா கிடந்தால் அத்தளம் 1862க்கு முன் இட்டதன்று என்பது உறுதி. எத்தனை ஆண்டு பின்னர் இட்டது என்பதைக் காசு கூறாது. ஓட்டின் முத்திரையும் செங்கல்லின் அளவும் சுண்ணச்சாந்தும் சேர்ந்தே கூறவேண்டும். தளத்தை உடைத்துக் காசை மட்டும் எடுத்துக்கொண்டவன் கையில் காசு இருக்கும். வீட்டின் வயது இராது.

நிலைவாசலின் கீழ்

இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம்மவர் வீடு கட்டும்போது நிலை நிறுத்தும் நாளில் அதன் அடியில் நவதானியமும் காசும், இயன்றவர் நவமணியும் பொன்துகளும் இடுவது மரபு. கருவி வாசற்படியருகே ஒலிக்குமாயின், அங்கே இருப்பது புதையலன்று. ஒரு குடும்பத்தின் வேண்டுதல். இடித்துக் கட்டும்போது அது வெளிப்பட்டால் அவ்வீட்டு மூத்தோர் கையில் கொடுப்பதே பண்பு. இடுவோர் பழங்காசையும் இடுவதுண்டாதலின், அக்காசின் ஆண்டே வீட்டின் ஆண்டெனக் கொள்வதும் தவறு.

வங்கியில்லாக் காலத்தில் சுவரும் தரையுமே பெட்டகம். படையெடுப்பும் கொள்ளையும் கொள்ளைநோயும் வந்தபோது மக்கள் உள்ளதைப் புதைத்து வைத்தனர். மீண்டு வந்தவர் எடுத்துக்கொண்டனர்; நமக்குக் கிடைப்பவை மீளாதவர் வைத்தவை. 1898ஆம் ஆண்டில் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியபோது எத்தனையோ வீடுகள் வெறிச்சோடின. ஆதலின் புதைபொருளைக் காணும்போது ‘அதிர்ஷ்டம்’ எனக் களிப்பதற்கு முன், திரும்பி வாராத ஒருவரை நினைத்தல் தகும். நிதி ஆசையால் மாந்திரிகரை நம்பி நள்ளிரவில் பாழ்கோயில்களின் கருவறையையும் நடுகற்களின் அடியையும் தோண்டும் கொடுமை நம் இரு மாநிலங்களிலும் நிகழ்கிறது. அவர்களுக்குப் பொன் கிடைப்பதில்லை. நாட்டிற்குக் கல்லும் மிஞ்சுவதில்லை.

சட்டம் கூறுவது

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையற் சட்டம் நம்மிற் பலர் அறியாதது. மண்ணில் மறைந்த, பத்து உரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வாயிலாக அறிவித்தல் வேண்டும். உரிமை கோருவோர்க்கு அறிவிப்பு வெளியிடப்படும். உரியவர் இல்லையெனின், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், கண்டவர்க்கு முக்காற் பங்கும் நிலவுரிமையாளர்க்குக் காற் பங்கும் சேரும். அரசே அதனைக் கொள்ள விரும்பினால் பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்திலொரு பங்கைக் கூட்டிக் கொடுத்தல் வேண்டும். மறைத்தவர் பங்கை இழப்பதோடு ஓராண்டுவரை சிறையும் பெறலாம். கருநாடகம் 1962ஆம் ஆண்டில் தனக்கெனச் சட்டம் இயற்றிக்கொண்டது. அறிவிக்கும் கடமை அங்கும் உண்டு. நூறாண்டு கடந்த காசும் சிலையும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்துள் அடங்கும். அவற்றைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்புதல் குற்றம்.

உலோக மதிப்போடு ஐந்திலொன்று என்பது போதுமா என்று கேட்பின், போதாது என்றே கூறுவோம். செப்புக் காசின் உலோக மதிப்பு மிகச் சிறிது. வணிகன் அதனினும் மிகுதியாகத் தருவான். நேர்மைக்கு ஈடு குறைவாயின் மறைப்போர் பெருகுவர். இங்கிலாந்து வெகுமதியைச் சந்தை மதிப்பளவுக்கு உயர்த்தியதால் மக்கள் தாமே முன்வந்து அறிவிக்கின்றனர். நம் அரசும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். எனினும் அறிவிப்போர் இல்லாமற் போய்விடவில்லை. 2020 பெப்ரவரியில் திருவானைக்காக் கோயில் வளாகத்தைத் தூய்மை செய்தபோது ஒரு கலத்தில் 505 பொற்காசுகள், 1.716 கிலோ எடையுடையவை, வெளிப்பட்டன. அவை மறைக்கப்படாமல் எண்ணப்பட்டு அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன.

நாம் செய்யத்தக்கன

ஜீவனஹள்ளியிலும் காக்ஸ் டவுனிலும் பிரேசர் டவுனிலும் அல்சூரிலும் வாழும் தமிழன்பர்க்கு நாம் வேண்டுவன சில. பழைய வீட்டை இடிக்கும்முன் அதன் முகப்பையும் நிலையையும் கூரையையும் ஒரு புகைப்படமேனும் எடுத்துவையுங்கள். இடிக்கும் நாளில் வீட்டவர் ஒருவர் அருகிருந்து மண்ணைக் கண்ணால் பாருங்கள். எது கிடைப்பினும், எந்த அறையில், எத்தனை அடி ஆழத்தில், எதனோடு கிடைத்தது என ஒரு தாளில் எழுதி நாளிடுங்கள். காசைப் புளியிட்டுத் துலக்காதீர்கள்; பாசியோடு எழுத்தும் போய்விடும். ஒன்றிரண்டுக்கு மேல் குவியலாகத் தென்படின் கையை நிறுத்தி ஆட்சியர்க்கும் தொல்லியல் துறைக்கும் அறிவியுங்கள். கருவி உடையோர் நிலத்தார் இசைவின்றித் தேடாதீர்கள். காக்கப்பட்ட சின்னங்களின் எல்லைக்குள் ஒருபோதும் தோண்டாதீர்கள். 1865ஆம் ஆண்டு முதல் நம் நகரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது; பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று காசுகளைப் படிக்கப் பழக்குங்கள்.

தண்டுத் தமிழர் இருநூறு ஆண்டுகளாக இந்நகரின் பாதைகளை இட்டனர், மாளிகைகளை எழுப்பினர், வண்டிகளை ஓட்டினர். அவர்களின் பெயர் பெரும்பாலும் எந்த அடிக்கல்லிலும் இல்லை. அவர்களின் எழுத்தில்லா வரலாறு மண்வெட்டியின் கீழும் பொறியெந்திரத்தின் பல்லின் கீழும் நாள்தோறும் போய்க்கொண்டிருக்கிறது. அள்ளிய மண் லாரியில் ஏறி ஏரிக்கரையில் கொட்டப்பட்டபின் அதனைப் படிக்க எவராலும் இயலாது. இடிக்கும் உரிமை நமக்கு உண்டு. படித்துவிட்டு இடிக்கும் கடமையும் நமக்கே உண்டு.